ஆளில்லாத வீட்டில் துப்பாக்கி என்ன செய்யும்?

எங்கள் பகுதியில் பொருட்கள் காணாமல் போகின்றன. பெரிதாக ஒன்றுமில்லை. வாசலில் நிறுத்திய சைக்கிள், படிக்கட்டுக்குக் கீழே வைத்த கருவிப்பெட்டி, ஜன்னலோரம் சார்ஜில் போட்ட கைபேசி, பூட்ட மறந்த காரிலிருந்து கறுப்புக் கண்ணாடியும் கொஞ்சம் சில்லறையும். யாரையும் அடித்ததாகவோ மிரட்டியதாகவோ இதுவரை பேச்சில்லை. புகார் கொடுத்தால் எழுதிக்கொள்கிறார்கள், அதோடு சரி. இப்படியே மாதக்கணக்கில் போனால் மனசில் ஒரு மாதிரி எரிச்சல் சேர்ந்துவிடுகிறது, போன பொருளின் விலைக்கும் அந்த எரிச்சலுக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. பழைய சைக்கிள்தான், போனால் போகட்டும் என்று வாய் சொல்லும். நாம் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போது எவனோ ஒருவன் வாசல்வரை வந்து நிதானமாக வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கிறான் என்ற நினைப்புதான் அடங்காது.

இந்தக் கட்டத்தில்தான் யாராவது துப்பாக்கிப் பேச்சை எடுப்பார்கள். எங்கள் தெருவிலும் ஒருவர் எடுத்தார். முரடர் இல்லை, சத்தமாகப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. "யாரையும் சுடவெல்லாம் வேண்டாம் சார், வீட்ல ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாலே போதும், கிட்ட வரமாட்டான்" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எனக்கும் அந்த எரிச்சல் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தபின் ஒரு கேள்வி மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது: இங்கே திருட வருகிறவன் எப்போது வருகிறான்?

நாம் இல்லாதபோது. இல்லையென்றால் நாம் தூங்கும்போது, அதுவும் வீட்டுக்கு வெளியே கிடப்பதை எடுக்க. சில்லறைத் திருட்டின் இலக்கணமே இதுதான். ஆளைப் பார்த்தால் அவன் போய்விடுவான், அவனுக்கு வேண்டியது ஆளில்லாத நேரம். துப்பாக்கிக்கோ ஆள் வேண்டும். அதைக் கையில் பிடிக்கிறவன் வீட்டில் இருக்க வேண்டும், விழித்திருக்க வேண்டும், திருடன் வந்ததே தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து அமைகிற சந்தர்ப்பம் எத்தனை?

அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2003 முதல் 2007 வரை அங்கே வீடு புகுந்து நடந்த திருட்டுகளில் சுமார் 28 சதவீதத்தில்தான் வீட்டில் யாராவது இருந்திருக்கிறார்கள். மொத்தத் திருட்டுகளில் வீட்டில் இருந்தவர்கள் வன்முறைக்கு ஆளானது சுமார் 7 சதவீதம். அந்த ஏழில் ஒருவராக இருந்தால் அது சின்ன எண்ணே இல்லை, அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் இது பூட்டை உடைத்து உள்ளே வந்தவர்களையும் சேர்த்த கணக்கு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கும் இதற்கும் இன்னும் வெகுதூரம்.

துப்பாக்கியை ஆதரிப்பவர்களின் வாதத்தில் வலுவான பகுதி எங்கள் தெருக்காரர் சொன்னதுதான். சுடுவதற்கில்லை, பயத்துக்கு. இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. 1980களில் ஜேம்ஸ் ரைட், பீட்டர் ராஸி என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்கச் சிறைகளில் இருந்த கைதிகள் ஏறக்குறைய 1,900 பேரிடம் கேள்விகள் கேட்டார்கள். திருடர்கள் ஆளிருக்கும் வீட்டைத் தவிர்ப்பதற்குச் சுடப்படுவோம் என்ற பயமும் ஒரு காரணம் என்பதை முக்கால்வாசிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். சரி, நம்புகிறேன். ஆனால் அது என்ன சொல்கிறது? ஆளிருக்கும் வீட்டைத் தவிர்த்துவிட்டு அவன் திருட்டை விட்டுவிடவில்லை, ஆளில்லாத நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறான். நம்மிடம் இருப்பது ஏற்கெனவே ஆளில்லாத நேரம் பார்த்து வருகிற திருட்டு. இதில் இன்னும் எங்கே அவனை மாற்றுவது?

கென்னசா என்ற ஊரை இந்தப் பேச்சில் தவறாமல் இழுப்பார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஊர். இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் குரோவ் 1981-இல் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது, அதற்குப் பதிலடியாக 1982-இல் கென்னசா ஒவ்வொரு குடும்பத் தலைவரும் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. முடியாதவர்கள், வாங்க வசதியில்லாதவர்கள், கொள்கையளவில் எதிர்ப்பவர்கள் என்று அதில் விலக்குகள் ஏராளம். திருட்டு சரசரவென்று இறங்கிவிட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நீண்ட காலத் தரவுகளை எடுத்து அலசிய ஆய்வாளர்கள் அப்படி ஒரு வீழ்ச்சி தெரியவில்லை என்றார்கள். சட்டத்துக்கு முந்தைய ஆண்டில் எண்ணிக்கை வழக்கத்தைவிட மேலே போயிருந்தது, அதோடு ஒப்பிட்டால் எந்த ஆண்டும் இறக்கமாகத்தான் தெரியும். பிற்பாடு 2003-இல் பிலிப் குக்கும் ஜென்ஸ் லுட்விக்கும் அமெரிக்கா முழுவதற்குமான கணக்கைப் பார்த்தபோது துப்பாக்கி அதிகமுள்ள இடங்களில் வீட்டுத் திருட்டு குறையக் காணோம், சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

ஏன் கூடுதல் என்றால், துப்பாக்கியே திருட்டுப் பொருள். இதை எங்கள் தெருவில் யாரும் யோசிக்கவில்லை. கையில் அடங்கும், எடை குறைவு, விலை அதிகம், கேள்வி கேட்காமல் வாங்க ஆள் உண்டு, நாளானாலும் மதிப்பு இறங்காது. திருடனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 2005 முதல் 2010 வரை அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 2,32,400 துப்பாக்கிகள் திருடுபோனதாக அதே புள்ளிவிவரப் பிரிவு சொல்கிறது. ஐந்தில் நான்குக்கு மேல் திரும்பக் கிடைக்கவே இல்லை. "இவர் வீட்டில் ஒன்று இருக்கிறது" என்று ஊருக்குத் தெரிந்தால்தான் பயம் வரும் என்பது நண்பரின் வாதம். ஊருக்குத் தெரிந்தால், அவர் குடும்பத்தோடு வெளியூர் போகும் நாளும் ஊருக்குத் தெரியும். கருவிப்பெட்டியைத் தூக்கியவன் அன்றைக்கு வேறு ஆளாகத் திரும்பிப் போவான்.

ஆளில்லாத வீட்டிலும் துப்பாக்கியை வேலை செய்ய வைக்க முடியாதா என்றால், ஒரு தம்பதி அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் கிட்டத்தட்ட எல்லா மாணவர்களும் படிக்கிற வழக்கு அது, காட்கோ எதிர் பிரைனி. அயோவா மாநிலத்தில் பண்ணை நிலத்தில் பரம்பரையாக வந்த ஒரு பழைய வீடு, யாரும் குடியில்லை. பல ஆண்டுகளாக யார் யாரோ புகுந்து ஜன்னலை உடைத்தார்கள், கிடைத்ததை எடுத்துப் போனார்கள். ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள், உள்ளே வராதே என்று அறிவிப்பு வைத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 1967-இல் படுக்கையறைக் கட்டிலில் ஒரு வேட்டைத் துப்பாக்கியைக் கட்டி, விசையிலிருந்து கதவுக்குக் கம்பி இழுத்துவிட்டார்கள். கதவைத் திறந்தால் வெடிக்கும். கணவர் முதலில் வயிற்றுக்குக் குறிவைத்தாராம், மனைவி சொன்ன பிறகு காலுக்கு இறக்கியிருக்கிறார். புகுந்தவன் தேடி வந்தது பழங்கால பாட்டில்களையும் ஜாடிகளையும். காலின் ஒரு பகுதி சிதறிப்போனது. திருட்டுக்காக அவனுக்குக் கிடைத்தது 50 டாலர் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும். அவன் போட்ட வழக்கில் வீட்டுக்காரர்கள் கொடுக்க வேண்டி வந்தது 30,000 டாலர். 1971-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இந்த வழக்கைப் படிக்கும்போது முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது, திருட வந்தவனுக்கு நஷ்டஈடா என்று. அப்புறம் அந்தக் கம்பியை நினைத்துப் பார்த்தேன். கதவைத் திறப்பது திருடனா, மழைக்கு ஒதுங்க வந்த சிறுவனா, தீயை அணைக்க வந்தவரா என்று கம்பிக்குத் தெரியாது. வீட்டில் மனிதர் இருந்து நேரில் சுட்டால் சட்டம் ஏற்கக்கூடிய அளவு ஆபத்து இருந்தால் ஒழிய, எந்திரத்தை வைத்தும் அதைச் செய்யக்கூடாது என்றது நீதிமன்றம். காலி வீட்டில் யாருடைய உயிருக்கு ஆபத்து?

இங்கேதான் சட்டம் பொருளையும் உயிரையும் பிரிக்கிறது, பெரும்பாலான நாடுகளில் அப்படித்தான். இந்தியாவின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவை எடுத்துக்கொண்டால், கொள்ளை, இரவில் பூட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைத்தல் போன்றவற்றில் எதிராளியின் உயிர் போகும் அளவுக்குத் தற்காப்பு போகலாம், வெறும் திருட்டு என்றால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தாக வேண்டும். இங்கிலாந்தில் 2013-க்குப் பிறகு வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் தாராளம் காட்டுகிறார்கள், அதுவும் தன்னையோ மற்றவரையோ காக்கும்போது, பொருளைக் காக்கும்போது அல்ல. டெக்சாஸ் மட்டும் ஒரு விசித்திரம், இரவு நேரத் திருட்டைத் தடுக்கக்கூட, பொருளை வேறு வழியில் மீட்க முடியாது என்று நியாயமாக நம்பினால், உயிர்க்கொல்லி பலத்தைச் சட்டம் அனுமதிக்கிறது. டெக்சாஸ்காரர் ஒருவர் இதைப் படித்தால் என்னோடு சண்டைக்கு வரலாம். ஒரு சைக்கிளுக்காக ஒருவனைச் சுட்டுவிட்டு, சட்டம் ஒன்றும் செய்யாது என்ற தைரியத்தில் மறுநாள் அதே தெருவில் நடக்க என்னால் முடியாது.

இங்கிலாந்தில் டோனி மார்ட்டின் வழக்கு நாட்டையே இரண்டாகப் பிரித்தது. நார்ஃபோக்கில் தனியாக இருந்த பண்ணைக்காரர். பலமுறை திருட்டு நடந்தது, காவல்துறை கண்டுகொள்ளவில்லை என்பது அவர் குறை. 1999 ஆகஸ்டில் இரவில் இரண்டு பேர் புகுந்தபோது உரிமமில்லாத துப்பாக்கியால் சுட்டார். முதுகில் குண்டு பட்டு இறந்தவனுக்கு வயது 16. கொலைக் குற்றம் என்று தீர்ப்பாகி, மேல்முறையீட்டில் மனநிலையைக் காரணம் காட்டிக் குறைக்கப்பட்டு, 2003-இல் வெளியே வந்தார். அவரை வீரர் என்றவர்கள் பாதி, கொலைகாரர் என்றவர்கள் பாதி. எனக்கு இரண்டும் தோன்றவில்லை. தொடர்ந்து திருட்டுப் போன வீட்டில் தனியாக இருக்கிற ஒருவரின் தலைக்குள் என்ன நடக்கும் என்பது எனக்குக் கொஞ்சம் புரிகிறது, அதனாலேயே அவர் கையில் துப்பாக்கி இருந்தது பயமாக இருக்கிறது.

ஏனென்றால் எரிச்சலும் பயமும் சேர்ந்த மனசு இருட்டில் சரியாகப் பார்க்காது. 1992 அக்டோபரில் அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில், யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் ஒரு ஹாலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் வீடு மாறிப்போய்க் கதவைத் தட்டினான். கதவைத் திறந்த பெண் பயந்து கணவரைத் துப்பாக்கி எடுக்கச் சொன்னார். பையன் சிரித்த முகமாக நெருங்கி வந்தான், கணவர் சுட்டுவிட்டார். குற்றவியல் வழக்கில் விடுதலை ஆனார், உரிமையியல் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். அந்தப் பையனிடம் திருடும் எண்ணமே இல்லை. அந்தக் கணவன் மனைவியும் கெட்டவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் ஆபத்து என்று ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தவர்கள், அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் 2013 பிப்ரவரியில் பூட்டிய கழிவறைக் கதவு வழியாக நான்கு முறை சுட்டார், உள்ளே இருந்தது அவர் காதலி ரீவா ஸ்டீன்கேம்ப். திருடன் என்று நினைத்தேன் என்பதுதான் அவர் வாதம். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றது. கதவுக்குப் பின்னால் யார் என்று அவர் நினைத்தார் என்பதற்குள் போகவே தேவையில்லை, ஒரு மனிதர் அங்கே இருக்கிறார், சுட்டால் சாகக்கூடும் என்று தெரிந்தே சுட்டிருக்கிறார் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். திருடனாகவே இருந்திருந்தாலும் அதேதான். இதை இரண்டு முறை படித்தேன்.

பயிற்சி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். நியூயார்க் காவல்துறைக்காக ராண்ட் நிறுவனம் 2008-இல் செய்த ஆய்வில், இரு தரப்பும் சுட்டுக்கொண்ட மோதல்களில் காவலர்கள் சுட்ட குண்டுகளில் 18 சதவீதம்தான் குறியில் பட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சி எடுப்பவர்களின் கணக்கு இது. மீதி 82 எங்கே போயின என்று யோசிக்க வேண்டும். நெருக்கமாக வீடுகள் உள்ள தெருவில் ஒவ்வொரு குண்டும் ஏதோ ஒரு சுவரில் போய் முடியும், மெல்லிய தடுப்புச் சுவராக இருந்தால் அதிலும் முடியாது, அடுத்த அறைக்குள் போகும்.

வீட்டுக்குள் எங்கே வைப்பது என்பது இன்னொரு தீராத தலைவலி. குழந்தைகள் இருக்கும் வீட்டில் தோட்டாவைத் தனியாகவும் துப்பாக்கியைப் பெட்டகத்திலும் பூட்டி வைக்க வேண்டும், அதுதான் பாதுகாப்பு. அப்படி வைத்தால் நடுராத்திரி சத்தம் கேட்டு எழுந்து, கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, தோட்டாவைப் போட்டு முடிப்பதற்குள் வந்தவன் அடுத்த தெருவில் இருப்பான். உடனே எடுக்கிற மாதிரி தலையணை பக்கத்தில் வைத்தால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் அது உடனே கிடைக்கும். விரலடையாளம் வைத்துத் திறக்கும் பெட்டகங்கள் இந்த இடைவெளியைக் குறைத்திருக்கின்றன, உண்மைதான்.

வீட்டில் உள்ளவர்கள் என்று சொல்லும்போது யாரும் பேச விரும்பாத விஷயம் ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, இல்லாதவர்களைப் போல 8 மடங்கு, பெண்களில் 35 மடங்கு. அதே குழுவினர் 2022-இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையாகும் விகிதம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். திருடன் வராத ராத்திரிகளிலும் துப்பாக்கி வீட்டில்தான் இருக்கிறது. சண்டை, குடி, கடன், தேர்வுத் தோல்வி எல்லாமே அந்த வீட்டில்தான் நடக்கின்றன.

அப்படியானால் யாருமே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லாத, காவல்துறை வந்துசேர மணிக்கணக்காகும் பண்ணை வீட்டில் வாழ்கிறவரும், தன்னைக் கொல்வதாகச் சொல்லிப் பின்தொடரும் ஒருவனிடமிருந்து தப்பி வாழ்கிறவரும் வேறு கணக்குப் போடுவார்கள், போடட்டும். அவர்களுக்கு வருகிறவன் அவர்களைத் தேடித்தான் வருகிறான். எங்கள் தெருவில் வருகிறவன் சைக்கிளைத் தேடி வருகிறான். இரண்டுக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இதைவிட சுவாரசியமான ஒரு கதை இங்கிலாந்தின் ராச்டேல் பக்கம் கர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களின் நடுவில் நடந்தது. திருட்டு மிக அதிகமாக இருந்த இடம். ஆய்வாளர்கள் போய் எல்லோரையும் விசாரித்தார்கள், திருட்டுக் கொடுத்தவர்களை, பக்கத்து வீட்டுக்காரர்களை, திருடர்களையும்கூட. அந்த வீடுகளில் நாணயம் போட்டு மின்சாரமும் எரிவாயுவும் எடுக்கும் மீட்டர்கள் இருந்தன, ஏறக்குறைய பாதித் திருட்டுகளில் போனது அந்த மீட்டருக்குள் இருந்த காசு. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் உண்டியலை மாட்டிவிட்டு, ஏன் உடைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்! மீட்டர்களை மாற்றினார்கள். ஒருமுறை திருட்டுப் போன வீட்டில் மறுபடி திருட்டு நடக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று தெரிந்ததால் அந்த வீடுகளின் கதவு, பூட்டுகளை மட்டும் முதலில் பலப்படுத்தினார்கள். அதைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் அந்த ஒரு வீட்டின் மேல் கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்றே ஆண்டுகளில் திருட்டு முக்கால் பங்கு குறைந்தது.

நெதர்லாந்தில் 1999 முதல், புதிதாகக் கட்டும் வீடுகளில் எளிதில் நெம்ப முடியாத கதவு ஜன்னல்கள் இருந்தாக வேண்டும் என்று கட்டட விதியில் சேர்த்தார்கள். பின்னால் கணக்குப் பார்த்தவர்கள் அந்த வீடுகளில் திருட்டு சுமார் 26 சதவீதம் குறைந்ததைக் கண்டார்கள், பழைய வீடுகளுக்குத் திருடர்கள் இடம் மாறிவிட்டதாகவும் தெரியவில்லை. பூட்டு, ஜன்னல் விஷயத்தில் ஒரு வசதி உண்டு, நாம் ஊரில் இல்லாதபோதும் அவை வேலை செய்துகொண்டிருக்கும்.

இதையெல்லாம் எங்கள் தெருக்காரரிடம் சொன்னேன், இவ்வளவு நீளமாக இல்லை. பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரிதான் சார், ஆனா அவன் பயப்படணும்ல?" என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவருக்குச் சைக்கிள் திரும்ப வர வேண்டும் என்பதுகூட இரண்டாம்பட்சம், தன்னை எவனோ இளக்காரமாக நினைத்துவிட்டான் என்பதற்குப் பதில் வேண்டும். அந்தப் பதிலை எந்தப் பூட்டும் தராது, அதை நான் அவரிடம் மறைக்கவில்லை. இப்போதைக்கு அவர் வாங்கவில்லை. இனி வாங்கமாட்டார் என்று நான் உறுதி சொல்ல முடியாது.

நாங்கள் செய்யத் தொடங்கியிருப்பது சாதாரண வேலைகள்தான். எங்கெங்கே, எந்த நேரத்தில், என்ன போனது என்று ஒரு பட்டியல் போட்டோம், பாதிக்கு மேல் ஒரே சந்தின் இரண்டு பக்கமும்தான் நடந்திருக்கிறது, அங்கே விளக்கு எரிந்து வெகுநாளாகிறது. சைக்கிள்களின் சட்டகத்தில் உள்ள எண்ணைப் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம், நிலத்தில் பதித்த கம்பியோடு சேர்த்துப் பூட்டச் சொல்லியிருக்கிறோம். கதவுகளில் பூட்டு எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் தாழ் போய் நுழைகிற தகடு நிலையில் அரை விரல் நீளத் திருகில்தான் நிற்கிறது, ஓர் உதையில் பெயர்ந்துவிடும். அதைக் கழற்றிச் சுவர்வரை போகும் நீளத் திருகு போடச் சொல்லி ஒரு தச்சரிடம் பேசியிருக்கிறோம். திருட்டுப் போன வீடுகளிலிருந்து ஆரம்பிக்கிறார்.